பிழைக்குள் ஒரு நியாயம்

கல்லூரிகளில் கற்பிக்கப்பெறும் ஆங்கிலப் பாடங்களுள் எல்லாவற்றிற்கும் கீழ்ப்படியில் வைத்து எண்ணப்படுவது ஒன்றுண்டு. அவ்வகுப்பில் ஷேக்ஸ்பியரும் இல்லை, மில்டனும் இல்லை. எழுவாய்க்கு ஏற்ற பயனிலை எது, பன்மைக்கு எந்த விகுதி, முற்றுப்புள்ளி எங்கே விழவேண்டும், ஒரு கருத்தை எட்டுப் பத்து வாக்கியங்களில் ஒரு பத்தியாக அமைப்பது எப்படி என்பனவே அங்குப் பாடம். அதில் சேர்க்கப்படும் மாணவர் தலைகுனிந்து நுழைகின்றார். அதைக் கற்பிக்கப் பணிக்கப்படும் ஆசிரியரோ பல வேளைகளில் அதைத் தமக்குக் கிடைத்த தண்டனையாகவே கருதுகின்றார். 'இவையெல்லாம் பள்ளியிலேயே முடிந்திருக்க வேண்டியவை அல்லவா? இவற்றைக்கூட அறியாதவருக்குக் கல்லூரியில் என்ன வேலை?' என்று கேட்போரும் உளர்.

இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. கல்விக்கூடம் யாருக்கு உரியது, யார் கற்கத் தகுந்தவர் என்னும் பெரிய வழக்கு அதற்குள் அடங்கியிருக்கின்றது. அவ்வழக்கு மிகக் கடுமையாக நடந்த இடம் அமெரிக்காவின் நியூயார்க் மாநகரம். காலம் 1970-க்குப் பிந்தைய சில ஆண்டுகள். அங்கே என்ன நிகழ்ந்தது என்பதைக் காணுமுன், இந்த இலக்கணமும் இந்தப் பத்தியும் கல்லூரிக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்பது நலம்.

மறைநூல் அறிஞரும் வணிகரும்

1762-இல் இலண்டனில் ஆங்கில இலக்கணச் சிறுநூல் ஒன்று ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதனை எழுதியவர் ராபர்ட் லோத். பின்னாளில் ஆங்கிலிக்கத் திருச்சபையில் இலண்டன் ஆயராக உயர்ந்தவர். திருப்பாடல்களின் அழகைத் துய்க்க விரும்புவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது. எபிரேயக் கவிதையில் ஓர் அடியின் கருத்தை அடுத்த அடி எதிரொலிக்கும் அமைப்பு உள்ளதைத் தம் ஆக்ஸ்ஃபோர்டு விரிவுரைகளில் தெளிவுற விளக்கி, 1753-இல் நூலாக்கியவர் அவரே. அத்தகைய நுண்ணிய காதுடையவர் ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுதியபோது, பிழைகளுக்கு எடுத்துக்காட்டுகளை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? ஷேக்ஸ்பியரிடமிருந்தும் மில்டனிடமிருந்தும் ஆங்கில விவிலியத்திலிருந்துமே எடுத்தார். பேரறிஞர் எழுத்திலும் பிழை உண்டு என்பது இவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டது.

லோத் வகுத்த விதிகளை எளிமைப்படுத்தி உலகெங்கும் பரப்பியவர் லிண்ட்லி மரே. அமெரிக்காவில் பிறந்து, நியூயார்க்கில் வழக்கறிஞராகவும் வணிகராகவும் வாழ்ந்து, பின்னர் இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறிய குவேக்கர் சபையினர் அவர். அந்நகரில் அச்சபையார் நடத்திய பெண்கள் பள்ளிக்கென 1795-இல் ஓர் இலக்கண நூலை எழுதினார். அது பல இலட்சம் படிகள் விற்றது. விதியை மனப்பாடம் செய்வது, பிழையுள்ள வாக்கியத்தைத் திருத்துவது என்னும் இரண்டே கால்களில் அவருடைய முறை நின்றது. ஆங்கில ஆட்சியோடு இம்மரபு நம் நாட்டுக்கும் வந்தது. 'பிழை திருத்துக' என்னும் வினாவைக் கடந்து வராத கல்லூரி மாணவர் நம்மிடையே அரியர். ஆனால் பிறர் எழுதிய பிழையைத் திருத்தத் தெரிந்தவர் தம் கருத்தைத் தாமே எழுதத் தெரிந்தவராகிவிடுவாரா? இக்கேள்விக்கு மரேயின் நூலில் விடை இல்லை.

நெசவாளியின் மகன்

விடை தேட முயன்றவருள் ஒருவர் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்தவர். அலெக்சாண்டர் பெயின் என்பது அவர் பெயர். 1818-இல் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தார். பதினோராம் வயதில் பள்ளியை விட்டுத் தறியில் அமர்ந்தார். வேலைக்கிடையே தாமாகவே கணிதமும் தத்துவமும் பயின்று, கல்லூரியில் சேர்ந்து, 1860-இல் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் தருக்கத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பேராசிரியரானார். அவரிடம் வந்த மாணவர் பலர் போதிய ஆங்கிலப் பயிற்சியின்றி ஊர்ப்புறங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் கற்பித்த பட்டறிவிலிருந்து 1866-இல் அவர் வெளியிட்ட நூலில்தான் பத்திக்கென ஒழுங்கான விதிகள் முறையாக வகுக்கப்பட்டன.

ஒவ்வொரு வாக்கியமும் முன்னதோடு தொடர்பு காட்ட வேண்டும், ஒத்த கருத்துகள் ஒத்த வடிவில் வரவேண்டும், தொடக்க வாக்கியம் பொருளை உணர்த்த வேண்டும், வரிசை குலையலாகாது, பத்தி முழுதும் ஒரே நோக்கம் வேண்டும், முதன்மையானதற்கு முதன்மையும் துணைமையானதற்குத் துணைமையும் தரவேண்டும். இவையே அவர் கூறிய ஆறு. 'மற்றொன்று விரித்தல்' ஒரு நூற்குற்றம் என்று பவணந்தியார் வழியில் கற்ற நமக்கு, இவற்றுள் சில புதியனவாகத் தோன்றா. ஆயினும் அவை யாருக்காக, யாரால் வகுக்கப்பட்டன என்பதே நாம் கருதற்பாலது. நூலை இழையோடு இழை சேர்த்த கை, வாக்கியத்தை வாக்கியத்தோடு சேர்க்கும் வழியை, வசதியற்ற மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்தது. அடிப்படை எழுத்துப் பயிற்சி கல்லூரியின் மாண்பைக் குறைக்கும் என்போர் இப்பிறப்பு வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

செல்வர் பிள்ளைகளின் விடைத்தாள்கள்

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் மிகப் பழைய கல்லூரியாகிய ஹார்வர்டு, 1874-இல் தன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைக் கட்டாயமாக்கியது. குறித்த இலக்கிய நூல்களிலிருந்து ஒரு பொருளை எடுத்து, எழுத்துப்பிழையும் இலக்கணப் பிழையும் இன்றிச் சிறு கட்டுரை வரைய வேண்டும். தேர்வெழுதியவர்கள் சிறந்த பள்ளிகளில் பயின்ற, வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். எனினும் 1879-ஆம் ஆண்டுத் தேர்வில் ஏறத்தாழப் பாதிப்பேர் தேறவில்லை.

இதனால் 1885-இல் முதலாண்டு மாணவர் அனைவருக்கும் ஒரு கட்டுரைப் பயிற்சி வகுப்பு தொடங்கப்பட்டது. மாணவர் தம் பாடங்களைத் தாமே தெரிவு செய்யும் முறை அக்கல்லூரியில் வளர்ந்து, பழைய கட்டாயப் பாடங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தபோதும் இது உதிரவில்லை. 1891-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் நியூட்டன் ஸ்காட், ஜோசப் டென்னி என்பவரோடு இணைந்து, பத்தி எழுதுவதை மட்டுமே பொருளாகக் கொண்ட ஒரு பாடநூலையே வெளியிட்டார்.

பின்னர் ஹார்வர்டின் மேற்பார்வைக் குழு மூவரை அமர்த்தி மாணவர் எழுத்தை ஆராயச் செய்தது. மூவருள் ஒருவரும் ஆங்கில ஆசிரியர் அல்லர். இத்தகைய தொடக்கநிலை வேலையைக் கல்லூரியின் தலையில் கட்டுவது முறையன்று, இது பள்ளிகளின் கடமை என்று அவர்கள் கண்டித்தார்கள். இன்று நாம் கேட்கும் அதே புலம்பல்தான்! நூற்றாண்டு கடந்தும் அதன் சுருதி மாறவில்லை. ஒன்றை மட்டும் நாம் மனத்தில் இருத்த வேண்டும். அன்று பிழை செய்தவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஆகையால், 'இவர்கள் கற்கத் தகுதியற்றவர்கள்' என்று எவரும் தீர்ப்பிடவில்லை, பள்ளியையே பழித்தார்கள். ஏழைப் பிள்ளைகள் அதே பிழைகளைச் செய்தபோது தீர்ப்பு வேறுவிதமாக அமைந்தது.

மக்கள் அனைவரின் கல்லூரி

நியூயார்க் நகர மக்கள் 1847-இல் தம் வாக்கினால் ஒரு கட்டணமில்லாக் கல்லூரிக்கு ஒப்புதல் அளித்தார்கள். அதற்கு முன்னின்று உழைத்தவர் டவுன்சென்ட் ஹாரிஸ் என்னும் வணிகர். செல்வர் பிள்ளையும் உழைப்பாளி பிள்ளையும் ஒரே பலகையில் அமர வேண்டும் என்பது அவர் கனவு. 1849-இல் திறக்கப்பட்ட அக்கல்லூரி, நாளடைவில் வந்தேறிய ஏழை மக்களின் பிள்ளைகள், சிறப்பாக யூதர்கள், மேலெழும் ஏணியாயிற்று. 1961-இல் அந்நகரின் பொதுக் கல்லூரிகள் பலவும் இணைந்து நியூயார்க் மாநகரப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

ஆனால் கட்டணம் இல்லையென்றாலும் மதிப்பெண் என்னும் மதில் உயர்ந்துகொண்டே போயிற்று. சிட்டி காலேஜ் எனப்படும் அம்மூத்த கல்லூரி நின்றதோ கறுப்பின மக்கள் வாழும் ஹார்லம் பகுதியில். அதில் பயின்றோரில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். 1960-களின் நடுவில் தொடங்கிய 'சீக்' என்னும் திட்டம், ஏழைப் பகுதிகளின் மாணவர் சிலரைச் சேர்த்து உதவித்தொகையும் தனிப் பயிற்சியும் அளித்தது. அது போதாது என்று கறுப்பின மாணவரும் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த மாணவரும் 1969 ஏப்ரல் 22 அன்று கல்லூரியின் தென்பகுதியைக் கைப்பற்றி அமர்ந்தார்கள். அவ்வாண்டு சூலையில் பல்கலைக்கழக ஆட்சிக்குழு ஒரு பெரும் முடிவை எடுத்தது. 1970 முதல் நகரின் உயர்நிலைப் பள்ளியில் தேறிய எவருக்கும் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உண்டு என்பதே அது. 'திறந்த சேர்க்கை' என்று அதற்குப் பெயர்.

முதலாண்டு மாணவர் தொகை ஒரே ஆண்டில் சுமார் இருபதாயிரத்திலிருந்து முப்பத்தையாயிரத்துக்கு உயர்ந்தது. போராடியவர்கள் கறுப்பின மாணவரும் புவேர்ட்டோ ரிக்க மாணவருமே. ஆயினும் திறந்த வாசல் வழியே இத்தாலிய, ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்க உழைப்பாளர் குடும்பங்களின் பிள்ளைகளும் பெருந்திரளாக நுழைந்தார்கள். தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதல் மிதித்தவர்கள் அவர்களுள் எத்தனையோ பேர். பிறருடைய போராட்டத்தின் கனியை அவர்களும் உண்டார்கள் என்பதை நம் போன்றோர் மறக்கலாகாது.

நாலாயிரம் கட்டுரைகள்

வந்தவர்களை எந்த வகுப்பில் அமர்த்துவது என்று அறிய, அவர்களை ஒரு சிறு கட்டுரை எழுதச் சொன்னார்கள். அத்தாள்களைப் படித்த பேராசிரியர்கள் பலர் திகைத்துப் போனார்கள். ஒரு வாக்கியம் தொடங்கிய இடம் தெரிந்தது. முடிந்த இடம் தெரியவில்லை. சொற்களின் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. இவர்களைக் கற்பிக்கவே இயலாது, கல்லூரியின் தரம் அழிந்தது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள்.

அத்தாள்களை வேறு கண்ணோடு படித்தவர் ஒருவர் இருந்தார். மீனா ஷானசி என்னும் அப்பெண்மணி 1924-இல் தெற்கு டகோட்டா மாநிலத்தின் லீட் என்னும் தங்கச் சுரங்க ஊரில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். 1967-இல் சிட்டி காலேஜின் 'சீக்' திட்டத்தில் பணியேற்றார். கவிஞர் ஏட்ரியன் ரிச், ஆட்ரி லோர்ட், ஜூன் ஜோர்டன் முதலியோரும் அத்திட்டத்தில் ஆசிரியராய் இருந்தவர்களே. 'குறைநீக்கும் பாடம்' என்று நோயாளிக்கு மருந்து கூறுவதுபோல் வழங்கிய பெயரை விலக்கி, 'அடிப்படை எழுத்து' என்னும் பெயரை ஷானசி நிலைநிறுத்தினார். 1970 முதல் 1974 வரை மாணவர் எழுதிய சுமார் நாலாயிரம் கட்டுரைகளை வரி வரியாக ஆராய்ந்து, 1977-இல் ஒரு நூலாக வெளியிட்டார். பிழைகள் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடப்பவை அல்ல, ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நியாயம் இயங்குகின்றது என்பதே அவருடைய முடிவு.

அவர் காட்டிய வழியில் நாமும் ஓர் எளிய பிழையை எடுத்துப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் ஈற்றில் 'எஸ்' வந்தால் பெரும்பாலும் அது பன்மை. வினைச்சொல்லின் ஈற்றில் அதே 'எஸ்' வந்தாலோ ஒருமை. 'பாய்ஸ்' என்றால் சிறுவர் பலர். 'ரன்ஸ்' என்றால் ஓடுபவன் ஒருவன். பன்மைக்கு அடையாளம் 'எஸ்' என்று முதல் பாடத்தில் கற்ற மாணவன், பலர் ஓடும்போது பெயரிலும் வினையிலும் அதனைச் சேர்த்து எழுதிவிடுகின்றான். அவன் விதியை மறந்தவனா? கற்ற விதியை இறுதிவரை கடைப்பிடித்தவன் அல்லவா! ஹார்லம் கறுப்பின இளைஞரின் பேச்சில் வினையோடு அந்த 'எஸ்' பெரும்பாலும் சேர்வதே இல்லை. அது சோம்பல் அன்று, அவர்தம் பேச்சுவழக்கிற்கும் உறுதியான ஒழுங்கு உண்டு என்று மொழியியலார் வில்லியம் லபோவ் அப்பகுதியிலேயே ஆய்ந்து 1972-இல் நூலாக்கினார்.

இன்னொன்று. காரணம் கூறும் துணைவாக்கியத்தைத் தனியே நிறுத்தி முற்றுப்புள்ளி இடுவது ஆங்கிலத்தில் பெரும் பிழையாகக் கருதப்படும். ஆனால் நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பது என்ன? 'நேற்று ஏன் வரவில்லை?' என்று கேட்டால், 'மழை பெய்ததால்' என்று விடை கூறி நிறுத்திக்கொள்கின்றோம். கேட்டவர் அதைக் குறை வாக்கியம் என்று நினைப்பதில்லை. மீதி அவருடைய வினாவிலேயே இருக்கின்றது. பேச்சில் நிறைவாக இருந்தது தாளில் ஏறியவுடன் குறையாகிவிடுகின்றது. இவ்வேறுபாட்டை ஒருவரும் எடுத்துச் சொல்லாதபோது மாணவர் அதை எவ்வாறு அறிவார்?

எல்லாவற்றினும் கொடியது அச்சம். ஒவ்வொரு சொல்லும் தன்னைக் காட்டிக் கொடுக்கும் என்று அஞ்சும் மாணவர் குறைவாகவே எழுதுவார். தாம் அறிந்த நல்ல சொல்லை, அதன் எழுத்துக்கூட்டல் ஐயமாக இருப்பதால், கைவிட்டுத் தட்டையான ஒரு சொல்லை இடுவார். படிப்பவரோ, சிந்தனையே அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுவார். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் சிவப்பு மையை மட்டுமே மறுமொழியாகப் பெற்ற ஒருவரிடம் வேறு எதை நாம் எதிர்பார்க்க முடியும்?

இதனால் பிழையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று ஷானசி கூறிவிடவில்லை. படிப்பவருடைய பொறுமைக்கு எல்லை உண்டு. பிழை அவருடைய கவனத்தைப் பொருளிலிருந்து இழுத்து வீணாக்கிவிடுகின்றது. ஆகவே பிழை நீங்கத்தான் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இலக்கணத்தைத் தனியே ஓதுவித்தால் எழுத்து வளராது என்று 1963-இலேயே அமெரிக்க ஆங்கில ஆசிரியர் கழகம் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று கூறியிருந்தது. மாணவர் தம் சொந்த எழுத்தைத் தாமே மீள நோக்கும் கருவியாக இலக்கணம் பயன்பட வேண்டும் என்பதே அவர் நிலை.

1975 திசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய மொழி, இலக்கியப் பேராசிரியர்களிடையே அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகின்றது. மாணவர் எப்படிப் படிப்படியாக வளர்கிறார் என்று யாவரும் பேசிக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் எப்படிப் படிப்படியாக வளர வேண்டும் என்று அவர் பேசினார். முதற்படியில் ஆசிரியர் கோட்டையைக் காக்கும் காவலராய் நிற்கின்றார். அடுத்து, ஒன்றும் அறியாதாரை மனந்திருப்பப் புறப்பட்ட போதகரைப்போல், தம் உண்மையை வெறும் பாத்திரங்களில் ஊற்ற முயல்கின்றார். மூன்றாவதாக, அவர்தம் பிழைகளின் ஆழத்தை அளக்கத் தொடங்குகின்றார். கடைசியாகத் தாமே நீரில் குதித்து, மாணவராகி, கற்கத் தொடங்குகின்றார். போதகர் உருவகத்தை அவர் எடுத்தாண்டிருப்பது, மறையுரை மேடையில் நிற்கும் எம்போன்றோரைச் சற்றே நின்று எண்ண வைக்கின்றது.

பத்தியின் உள்ளே

தனி வாக்கியத்தைக் கடந்தபின் வருவது பத்தி. அடிப்படை வகுப்பின் மாணவர்கள் மூன்று வாக்கியங்களோடு நின்றுவிடுவது ஆசிரியர்களைத் தொல்லைப்படுத்திய மற்றொரு சிக்கல். 'என் தாய் கடுமையாக உழைப்பவர். அவர் எங்களுக்காக எல்லாம் செய்தார். அவரை நான் மதிக்கிறேன்.' இவ்வளவே. சொல்ல வேண்டியது தீர்ந்துபோயிற்றா? இல்லை. அதே மாணவரோடு திண்ணையில் அமர்ந்து பேசினால் ஒரு மணி நேரம் பேசுவார். எதிரே இருப்பவர் 'அப்படியா?' என்பார், 'என்ன வேலை செய்தார்?' என்பார், நம்பாதவர்போல் புருவம் உயர்த்துவார். பேசுபவர் ஒவ்வொன்றுக்கும் விடை தந்துகொண்டே போவார். தாளின் முன்னோ கேட்பார் யாருமில்லை.

பத்தி எழுதக் கற்பது என்பது, கண்முன் இல்லாத அந்தக் கேட்பவரை மனத்தில் அமர்த்திக்கொண்டு, அவர் கேட்கக்கூடியவற்றுக்கு முன்னதாகவே விடை கூறிப் பழகுவதாகும். எடுத்துக்காட்டு என்பது அவருடைய ஐயத்துக்கு விடை. காரணம் என்பது அவருடைய மறுப்புக்கு விடை. 'ஆயினும்', 'ஆகையால்' என்னும் இணைப்புச் சொற்கள் அவர் வழிதவறாதபடி நாம் நீட்டும் கை. இந்நோக்கம் விளங்கியபின் பெயினின் ஆறு விதிகளும் பொருளுடையனவாகும். விளங்காமல் விதியை மட்டும் திணித்தால் அது வெற்றுச் சட்டமாக நிற்கும்.

சட்டமாக நின்றதும் உண்டு. ஒவ்வொரு பத்தியும் தலைமை வாக்கியத்தோடுதான் தொடங்க வேண்டும் என்று பாடநூல்கள் கட்டளையிட்டன. ரிச்சர்டு பிராடக் என்னும் பேராசிரியர், புகழ்பெற்ற அமெரிக்க இதழ்களில் வெளிவந்த கட்டுரைகளை எடுத்து, தேர்ந்த எழுத்தாளர் உண்மையில் அவ்வாறு எழுதுகின்றார்களா என்று எண்ணிப் பார்த்தார். விளக்கப் பத்திகளுள் நூற்றுக்குப் பதின்மூன்று மட்டுமே அவ்வாறு தொடங்கின என்று 1974-இல் அவர் வெளியிட்டார். எனவே அவ்விதி தொடக்க மாணவர்க்கு ஊன்றுகோலாகலாம். எழுத்தின் இயல்பே அதுதான் என்று கொள்ளலாகாது.

மூடிய கதவும் திறந்த சாளரமும்

திறந்த சேர்க்கையின் வாழ்நாள் குறுகியது. 1975-இல் நியூயார்க் நகரமே கடனில் மூழ்கியது. 1976-இல், 129 ஆண்டுகளாகக் கட்டணமின்றி இயங்கிய கல்வி முடிவுக்கு வந்தது; எழுத்துப் பயிற்சி அளித்த ஆசிரியர் பலர் வேலை இழந்தனர். ஷானசியின் நூல் வெளிவந்தபோது, அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் நுழையும் வாயில் குறுகிக்கொண்டிருந்தது. நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1978 நவம்பரில், புற்றுநோயால் அவர் மறைந்தார். வயது 54.

அடிப்படை வகுப்புகளோ மேலும் இருபது ஆண்டுகள் தொடர்ந்தன. 1999-இல் பல்கலைக்கழகம் தன் நான்காண்டுப் பட்டக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்த முடிவு செய்தது. தரம் தாழ்ந்ததற்கு அவ்வகுப்புகளே காரணம் என்று கூறப்பட்டது. தேர்வில் தேறாதோர் ஈராண்டுக் கல்லூரிகளுக்குச் செல்ல வேண்டியவராயினர்.

நேர்மையாகச் சொல்லப்போனால், அடிப்படை வகுப்பின் நண்பர்களே அதன்மேல் குறை கண்டார்கள். உதவிக்காக ஏற்பட்ட அறை, நாளடைவில் மாணவரைத் தடுத்து நிறுத்தும் வெளித்திண்ணையாகி விட்டது. பட்டத்துக்குக் கணக்கில் சேராத வகுப்பிலேயே பருவங்கள் கழிந்து, பணமும் ஊக்கமும் தீர்ந்து, பலர் முதலாண்டு ஆங்கில வகுப்பை எட்டாமலே வீடு திரும்பினர். இதைக் கணக்கிட்டுக் கண்ட பீட்டர் ஆடம்ஸ் என்னும் ஆசிரியர், பால்டிமோர் மாவட்டச் சமுதாயக் கல்லூரியில் 2007-இல் ஒரு புதுமுறையைத் தொடங்கினார். பின்தங்கியோர் எண்மரை, தேறிய மாணவர் பன்னிருவர் பயிலும் வழக்கமான வகுப்பிலேயே சேர்த்தார்; அது முடிந்தவுடன் அவ்வெண்மரும் அதே ஆசிரியரோடு தனியே அமர்ந்து மேலும் உதவி பெற்றனர். இம்முறை பல மாநிலங்களில் பரவியது. நியூயார்க் மாநகரப் பல்கலைக்கழகமும் 2020-களின் தொடக்கத்தில் தனித்த குறைநீக்கு வகுப்புகளைக் கைவிட்டு இவ்வழிக்கு வந்தது. இலக்கணமும் பத்தியும் மறையவில்லை. திண்ணையிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டன.

அப்படியாயின் 1970-இன் முயற்சி வீண்தானோ? இதற்கு விடை காணப் பால் அட்டவெல், டேவிட் லாவின் என்னும் சமூகவியலார் இருவர், திறந்த சேர்க்கையின் முதலாண்டுகளில் நுழைந்த பெண்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்றார்கள். 2007-இல் வெளிவந்த அவர்கள் நூல் தரும் செய்தி வியப்பூட்டுவது. அப்பெண்களுள் பத்தில் ஏழு பேர் அளவில் எப்படியோ ஒரு பட்டமோ பட்டயமோ பெற்றிருந்தனர். பலருக்கு அதற்குப் பத்து, இருபது ஆண்டுகள் பிடித்தன. வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, இடையில் நிறுத்தி, மீண்டும் வந்து முடித்தார்கள். அவர்தம் குடும்பங்களில் பிள்ளைகளின் கல்வியும் உயர்ந்திருந்தது. நான்கு ஆண்டுகளில் யார் முடித்தார் என்று மட்டும் எண்ணியவர்களின் கண்ணுக்கு இவை தென்படவில்லை.

நாம் எண்ணிப் பார்க்க

இவ்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் வருவதைக் காண்கிறோம். கல்வியின் வாசல் ஒவ்வொரு முறை அகலும்போதும், உள்ளே வருவோரின் எழுத்தில் பிழை மிகுந்தே இருக்கும். அபர்தீனில் ஊர்ப்புற மாணவர் வந்தபோது இருந்தது. நியூயார்க்கில் ஏழை மாணவர் வந்தபோது இருந்தது. வாசல் அகலாதபோதும், ஹார்வர்டில் செல்வர் பிள்ளைகளிடையே இருக்கத்தான் செய்தது. பிழையைக் கண்டு கதவைச் சாத்தியோரும் உண்டு. பிழையைப் படித்துப் பாடம் அமைத்தோரும் உண்டு. பத்தி என்னும் கலை நமக்குக் கிடைத்தது இரண்டாம் வகையினரால்தான்.

நம் குடும்பங்களிலும் முதன்முதல் கல்லூரிக்குச் செல்லும் மகனோ மகளோ இருக்கலாம். அப்பிள்ளை எழுதிய ஆங்கிலத் தாள் ஒருநாள் நம் கைக்கு வரலாம். அதில் பிழைகள் நிறைந்திருக்கலாம். அப்போது பேனாவை எடுக்குமுன் அத்தாளை ஒருமுறை முழுவதும் படிப்போம். அது என்ன சொல்ல வருகின்றது என்று அப்பிள்ளையிடமே கேட்போம். கேட்டு, 'இன்னும் கொஞ்சம் சொல்' என்போம். திருத்தம் அதன்பின் வரட்டும்.